நயினார் வண்டிக்குப் பேசிய பேரம்

திருவண்ணாமலையில் எந்தப் பொருளுக்கு விலை பேசுவதானாலும் ஆதிமூலத்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள். மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், தரகு செய்வது அவர் தொழில். ஆனால் அது மல்லாட்டையோடு நிற்கவில்லை. உழவு மாடு, ஆயில் இன்ஜின், கல்யாணப் பட்டு, பழைய தையல் மிஷின் என எதுவானாலும் வாங்குகிறவர் பக்கத்தில் ஆதிமூலம் வந்து உட்கார்ந்துவிட்டால் விற்கிறவர் பொருளை இன்னொரு தடவை துடைத்து வைப்பார். பொருளைத் தூக்கிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், பிறகு உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கல் ஒன்றுக்கே நூறு ரூபாய் இறங்கும் என்று மண்டியில் பேச்சு. இந்த ஐம்பது வயசுக்கு ஒரு பேரத்திலும் தோற்றதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். ஊரில் யாரும் அதை மறுத்ததில்லை. வீட்டில் மட்டும் ஒருத்தி இருந்தாள்.

எழுபத்தாறாம் வருஷம் தை மாசத்தில் ஒரு காலை, அந்த ஒருத்தி, மனைவி கஸ்தூரி, காபி டம்ளரை நங்கென்று வைத்தாள்.

"இன்னாங்க, என் தம்பி காரு வாங்கப் போறானாம். நீங்க கூடப் போறீங்களாம்."

"ஆமா."

"காரைப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?"

"காரைப் பத்தித் தெரிஞ்சு இன்னா ஆவணும்? விலையைப் பத்தித் தெரியும், அது போதும்."

"வேங்கிக்கால்ல எங்கப்பா வுட்டுட்டுப் போன நெலத்த வித்த பணம் அது. அவன்கிட்ட வேற சல்லிக்காசு கெடையாது. அது போச்சுன்னா மறுபடி லாரி ஓட்டப் போவணும், ராத்திரி பகல் இல்லாம. அப்புறம் என் மூஞ்சில முழிக்காதீங்க."

தம்பி சகாதேவன் பத்து வருஷம் லாரி ஓட்டி இடுப்பு ஒடிந்தவன். அவன் போட்டிருந்த கணக்கு இதுதான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பெரிய சீமைக் கார் வேண்டுமென்றால் திருவண்ணாமலைக்காரர்கள் வேலூருக்கு ஆள் அனுப்புகிறார்கள். உள்ளூரிலேயே ஒன்று இருந்தால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் காசு. வண்டி வாங்கும் முன்பே, வருகிற வெள்ளிக்கிழமை ஊர்வலம் ஒன்றுக்கு அவன் அட்வான்ஸும் வாங்கியிருந்தான். அதுதான் அவன் சாமர்த்தியமும் பைத்தியமும்.

அவன் கண் வைத்திருந்த வண்டி தர்மசந்திர நயினாருடையது. பதினாறு வயசான ஜாகுவார். முகப்பில் ஒரு வெள்ளிச் சிறுத்தை பாய்ந்துகொண்டிருக்கும். பாண்டிச்சேரியிலிருந்த ஒரு பிரெஞ்சுக்காரத் துரை சொந்த ஊருக்குக் கப்பலேறும்போது நயினாரிடம் விட்டுப்போனது. வேக முள் காட்டும் வட்டத்தில் நூற்று நாற்பது மைல் வரை எண் போட்டிருக்கும். ஊரில் பாதிப் பேர் கண்ணாடியில் மூக்கை வைத்து அந்த நூற்று நாற்பதைப் படித்துவிட்டுப் போயிருந்தார்கள். இந்த ஊர் ரோட்டில் நாற்பதில் போய்ச் சேர்ந்தாலே வழியில் படுத்திருக்கும் நாய்க்கும் நமக்கும் ஆயுசு கெட்டி என்று அர்த்தம். இருந்தும் அந்த எண்ணுக்கு ஒரு மரியாதை. பெட்ரோல் விலை எகிறியதிலிருந்து நயினார் வண்டியை எடுப்பதே இல்லை. செங்கம் ரோட்டிலிருந்த அவருடைய ரைஸ் மில்லில், நெல் காயவைக்கும் களத்தின் ஓரமாக அது நின்றது.

"மாமா, மெக்கானிக் இருசப்பனையும் கூட்டினு போவமா?" என்று கேட்டான் சகாதேவன்.

"வேணாம். மெக்கானிக்கு உன்கிட்டயும் காசு வாங்குவான், விக்கிறவன்கிட்டயும் வாங்குவான். நீ ஒண்ணு செய்யி. வண்டியப் பாத்து இளிக்காத. பொண்ணு பாக்கப் போன மாதிரி இளிச்சு வெச்சேன்னா, அங்கயே ஆயிரம் ரூபா ஏறிடும்."

நேரத்தையும் ஆதிமூலமே குறித்தார். சாயங்காலம் நாலு மணி. அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. நயினார் சமணர். பொழுது சாய்ந்தபிறகு அவர்கள் வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை. பேச்சை இழுத்து இழுத்து மஞ்சள் வெயில் வரை கொண்டுபோய்விட்டால், சாப்பிட எழுந்திருக்க வேண்டிய மனுஷன் விலையைப் பிடித்துக்கொண்டு தொங்கமாட்டார். பசி கூட ஒரு தரகுக்காரன்தான், கமிஷன் கேட்காத தரகுக்காரன்.

நயினாரிடம் ஆதிமூலத்தை உறுத்திய விஷயம் வேறு ஒன்று உண்டு. அவர் பொய் சொல்வதில்லை என்று விரதம் பூண்டவர் என்பது ஊரறிந்தது. பொய் பேசுகிறவனோடு வியாபாரம் சுலபம். சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டால் போதும். நிஜம் பேசுகிறவன் சொல்வதை எதால் வகுப்பது?

களத்தில் வண்டியைச் சுற்றி வந்தார் ஆதிமூலம். டயரை உதைத்தார். தோல் சீட்டை முகர்ந்தார். கதவைத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பிதுக்கினார்.

"எத்தினி பேரு கை மாறியிருக்குது?"

"துரை, அப்புறம் நானு. ரெண்டே பேரு" என்றார் நயினார்.

"எங்கயாவது மோதியிருக்குதா?"

"ஒரு தடவ எருமை மேல. எருமைக்கு ஒண்ணும் ஆகலை. விளக்கு மாத்தினேன்." கொஞ்சம் தயங்கி, "அதில்லாம ஒண்ணு சொல்லணும், போன வருஷம் எங்க மாப்பிள்ளை சேத்துல மாட்டின நெல்லு வண்டிய..."

"நயினாரே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

விற்கிறவன் தானாக வாயைத் திறந்தால் அது விலையை ஏற்றத்தான் என்பது ஆதிமூலத்தின் முப்பது வருஷ அனுபவம். மாப்பிள்ளையின் பெருமையைக் கேட்க ஆரம்பித்தால் நூறு நூறாக ஏறும்.

"ஓட்டிப் பாக்கணும்" என்றார்.

"தாராளமா. எவ்ளோ தூரம்?"

"மலையச் சுத்தி."

நயினார் சிரித்தார். மில் வாசலில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அது சாமர்த்தியமான யோசனைதான். பதினாலு கிலோமீட்டர். பள்ளம் உண்டு, மேடு உண்டு, மணல் உண்டு. சூடேறுகிற வண்டியானால் பாதியில் நின்றுவிடும். புகைகிற வண்டியானால் ஊரே பார்க்கும். நடுவில் கைவிட்டு வர முடியாது, சுற்ற ஆரம்பித்தால் சுற்றி முடித்துத்தான் வரவேண்டும்.

சகாதேவன் ஓட்டினான். வண்டி கிளம்பியதே தெரியவில்லை. ரமணாசிரமத்தைத் தாண்டியபோது காவி ஜிப்பா போட்ட ஒரு வெள்ளைக்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி நின்று பார்த்தார். வலது பக்கம் திரும்பி மலைப்பாதையில் இறங்கியதும் சகாதேவன் கொஞ்சம் மிதித்தான். இன்ஜின் உறுமவில்லை, தொண்டையைக் கனைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஆதிமூலத்தின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அவர் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு, "இன்னாடா இது, கம்மியாத்தான் இருக்குது வேகம்" என்றார். மச்சானுக்குக் கேட்பதற்காக அல்ல, பின்சீட்டிலிருந்த நயினாருக்குக் கேட்பதற்காக.

அடி அண்ணாமலையில் ஒரு பிரச்சினை வந்தது. பாதை குறுகும் இடத்தில் எதிரே கரும்புப் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி. இரண்டுக்கும் இடமில்லை.

நயினார் முன்னால் சாய்ந்தார். "இப்ப நம்ம வண்டி பின்னால போயிதான் ஆவணும். இதத்தான் நான் அப்பவே..."

"பின்னால போறதா!" என்று ஆதிமூலம் அலறினார். "மலை சுத்தும்போது பின்னால போவாங்களா யாராச்சும்? நல்ல காரியம் பேச வந்திருக்கோம் நயினாரே!" கதவைத் திறந்து இறங்கினார். வண்டிக்காரனிடம் பத்து நிமிஷம் பேசி, அவனுக்கு ஒரு சுருட்டும் கொடுத்து, மாட்டை அவிழ்க்காமலே பார வண்டியைப் பக்கத்துக் கொல்லையில் இறக்கி ஒதுங்க வைத்துவிட்டுத்தான் ஏறினார். தன் பேச்சுத் திறமையில் அவருக்கே ஒரு மயக்கம். நயினார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

காஞ்சி ரோடு வழியாக ஊருக்குள் வந்து மில்லுக்குத் திரும்பும்போது வண்டி கொஞ்சமும் சூடேறியிருக்கவில்லை. சகாதேவன் இளிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக் கடித்து அது வீங்கியிருந்தது.

"சொல்லுங்க, இன்னா விலை?" என்றார் ஆதிமூலம்.

"ஒம்பதாயிரம் பெறுகிற வண்டி. ஆனா..."

"ஆனா கீனா எல்லாம் வேணாம். நாலாயிரம்."

நயினாருக்கு முகம் சிவந்தது. "நான் சொல்ல வர்றத..."

"நாலாயிரத்து இருநூறு."

அப்படியே போயிற்று. நயினார் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஆதிமூலம் ஒரு தொகையைப் போட்டு அடைத்தார். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்க இறங்க, மில்லுக்குள்ளிருந்து நயினாரின் மனைவி கனகலதா இரண்டு தடவை எட்டிப்பார்த்தாள். மூன்றாவது தடவை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இலை போட்டாச்சு. பொழுது போவுது."

ஆதிமூலம் உள்ளுக்குள் துள்ளினார். "ஆறாயிரத்து ஐநூறு. இதுக்கு மேல ஒத்த ரூபா கெடையாது."

நயினார் மேற்கே பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி. உங்ககிட்ட வாயால ஒண்ணும் சொல்ல முடியாது. எழுதித் தர்றேன். படிச்சுப் பாத்துட்டு, சம்மதம்னா கையெழுத்துப் போட்டுப் பணத்தக் குடுத்துட்டுப் போங்க. சம்மதம் இல்லாட்டி வண்டி இங்கயே நிக்கட்டும்."

விறுவிறுவென்று கார்பன் வைத்து ஒரு முழுத் தாளை நிரப்பி, இரண்டு பிரதியையும் மடித்துக் கொடுத்துவிட்டுச் சாப்பிட ஓடினார். ரசீதில் படிக்க என்ன இருக்கிறது? சகாதேவன் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியையும் பணத்தையும் கனகலதாவிடம் கொடுத்தான். மற்றதை ஆதிமூலம் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டார். ஒன்பதாயிரத்தை ஆறரைக்கு இறக்கியாயிற்று. மண்டியில் ஒரு மாசத்துக்குப் பேச விஷயம் ஆயிற்று.

ஆதிமூலத்தின் வீடு பெரிய தெருவிலிருந்து பிரியும் ஒரு முட்டுச் சந்தின் கோடியில் இருந்தது. வண்டி சந்துக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கமும் ஒரு முழம்தான் மிச்சம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கஸ்தூரி பூசணிக்காய் சுற்றினாள். சந்தே திரண்டு நூற்று நாற்பதைப் படித்தது.

மறுநாள் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்கு முன்னால் வண்டியைக் கழுவிப் பூ அலங்காரத்துக்குக் கொண்டுபோகவேண்டும். சகாதேவன் ஏறி உட்கார்ந்து கியரைப் பின்னால் போட்டான். அம்மிக்கல்லைக் குழவியால் இடித்த மாதிரி ஒரு சத்தம். வண்டி அசையவில்லை. மறுபடி போட்டான், மறுபடி அதே சத்தம். மூன்றாவது முறை அவசரத்தில் கியர் எங்கோ விழுந்து வண்டி முன்னால் துள்ளி, ஆதிமூலத்தின் வீட்டுப் படியை இடித்து நின்றது.

எதிர்வீட்டுச் சந்திரம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று பார்த்தாள். "இன்னாடா சகாதேவா, வண்டி உள்ள வந்து காபி கேக்குதா?"

இருசப்பனைக் கூட்டிவந்தார்கள். வண்டிக்கு அடியில் படுத்து அரைமணி நேரம் கழித்துக் கறுத்த முகத்தோடு வெளியே வந்தான்.

"அண்ணே, ரிவர்ஸ் கியருக்குப் பல்லே இல்ல. மொத்தமும் பொக்கை."

"பல்லு இல்லையா?"

"மாடு வாங்கும்போது வாயத் தொறந்து பல்லு பாக்குற ஆளு, இதுக்குப் பாக்கலையா?"

சந்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆதிமூலம் திரும்பிப் பார்க்கவில்லை.

"மெட்ராஸ்ல, புதுப்பேட்டை பழைய சாமான் கடைங்கள்ல தேடணும்ணே. பல்சக்கரம், கூலி எல்லாம் சேத்து ஆயிரம் ஆவும். கெடைச்சா."

சகாதேவனிடம் ஆயிரம் இல்லை. நூறே இல்லை. அவன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

கஸ்தூரி கணவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அந்தக் காயிதத்தக் குடுங்க."

சந்து முழுக்கக் கேட்கும்படி படித்தாள். நயினாரின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. வலது பக்கப் பின்கதவு மழையில் ஒழுகும். ஹாரன் சில சமயம் தானாக அடிக்கும். கடிகாரம் ஓடாது. "'நாலாவது, சேற்றில் மாட்டிய நெல் வண்டியை என் மருமகன் இந்தக் காரால் பின்னுக்கு இழுத்தபடியால் பின்னால் போகும் கியர் உடைந்துவிட்டது. வண்டி முன்னால் மட்டும் போகும். இதைத் திரு. ஆதிமூலம் அவர்களிடம் மூன்று முறை சொல்ல முயன்றும் அவர் விடவில்லை.'"

படித்துவிட்டு மடித்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எட்டு ஆம்பிளைகள் சேர்ந்து வண்டியை முகப்பிலிருந்து தள்ளிப் பெரிய தெருவரை கொண்டுபோனார்கள். வெள்ளிச் சிறுத்தை அத்தனை பேர் கைக்கு நடுவிலும் பாய்ந்த மேனிக்கே பின்னால் நகர்ந்தது. அதன் பக்கத்திலேயே நடந்த ஆதிமூலம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். முடித்த பேரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவனை மண்டியில் எப்படிப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவரே பேசியிருக்கிறார், கூடுதலாகவே பேசியிருக்கிறார். ஆனால் படியில் உட்கார்ந்திருந்த மச்சானின் முகம் அதைவிட மோசமாக இருந்தது.

வண்டியை மில்லுக்கே ஓட்டச் சொன்னார். மில் களத்தில் மூட்டை தைப்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு வேண்டாமென்று தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நயினாரே, நான் ஏமாந்துட்டேன். நீங்க ஏமாத்தலை, நானேதான் ஏமாந்தேன். வண்டிய எடுத்துக்கினு பையன் பணத்தக் குடுத்துடுங்க."

நயினார் நெல்லை அளைந்துகொண்டிருந்த கையை உதறினார். "நீங்க காயிதத்தப் படிக்கலையா?"

"இல்ல."

"படிச்சுட்டுத்தான் சம்மதிச்சீங்கனு நெனச்சேன். ராத்திரி தூக்கம் வரலை. இந்த மனுஷன் எதுக்கு இவ்ளோ குடுத்தாருனு... இப்பவாச்சும் நான் சொல்ல வந்ததச் சொல்லிரட்டுமா?"

"சொல்லுங்க."

"நல்லா இருந்தா ஒம்பது பெறும். ஆனா கியரு இல்லாததுனால ஐயாயிரத்து ஐநூறு போதும்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்களே ஏத்திக்கினே போயிட்டீங்க."

ஆதிமூலம் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். விற்கிறவர் மனசில் வைத்திருந்த விலைக்கு மேலே ஆயிரம் ரூபாயைத் தன் வாயாலேயே ஏற்றியிருக்கிறார். மூட்டை தைக்கும் ஊசிகள் அத்தனையும் நின்றிருந்தன.

"பணத்தக் கொண்டு வரச் சொல்றேன்" என்று நயினார் எழுந்தார்.

"வேணாம்" என்றான் சகாதேவன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். "வண்டியத் தர மாட்டேன் மாமா. நாளைக்கு ஊர்வலம் ஒத்துக்கினு இருக்கேன். எந்த மாப்பிள்ளை ஊர்வலத்துல பின்னால போறான்? போனா அவன் தப்பிச்சு ஓடறான்னு அர்த்தம்."

களம் கொல்லென்று சிரித்தது. நயினாரும் சிரித்தார். "அப்ப வண்டி உனக்கு. ஜாஸ்தியா வாங்கின ஆயிரத்தத் திருப்பித் தர்றேன். கியர மாத்திக்க."

இங்கேதான் ஆதிமூலத்துக்கு நெருக்கடி. திரும்பி வரும் ஒவ்வொரு ரூபாயும் அவர் ஏமாந்த ரூபாய். நாளைக்கே மண்டியில் எண்ணிச் சொல்வார்கள். அதைக் குறைத்தாக வேண்டும்.

"ஆயிரம் எதுக்குங்க? ஐநூறு போதும்" என்றார்.

"ஆயிரம்."

"சரி, அறுநூறு. உங்களுக்கும் கையக் கடிக்கக்கூடாது இல்ல?"

நயினார் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்கதவைத் தட்டிப் பார்த்தார். "மழையில ஒழுகும்னு எழுதினேனே, அதுக்கு நான் ஒண்ணும் கழிக்கலை. ஆயிரத்து நூறு."

"ஐயையோ, எறங்கி வாங்க நயினாரே! எழுநூறு!"

"கடிகாரம் ஓடாது. ஆயிரத்து நூத்தம்பது."

"ஊர்வலத்துல மணி யாருங்க பாக்கப் போறாங்க? எண்ணூறு, இதுக்கு மேல ஒத்த ரூபா வாங்க மாட்டேன்!"

நயினார் அவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார். "ஹாரன் வேற தானா அடிக்கும். ஆயிரத்து இருநூறு."

மூட்டைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆதிமூலம் மேற்கே பார்த்தார், பொழுது சாய இன்னும் வெகுநேரம் இருந்தது. கனகலதா கொண்டுவந்து நீட்டிய நோட்டுகளை அப்படியே வாங்கிச் சகாதேவன் மடியில் திணித்தார். கதவைத் திறந்து பாய்ந்து ஏறினார்.

"கதவு ரிப்பேரு கூலிக்கு ஒண்ணும் சேக்கலையே" என்று நயினார் வண்டியை நோக்கி நடந்து வந்தார்.

"எடுடா சகாதேவா, சீக்கிரம் எடு!" ஆதிமூலம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே கத்தினார். "இன்னும் ஒரு நிமிஷம் நின்னா இந்த ஆளு மில்லையும் நம்ம தலையில கட்டிருவாரு!"